ஜிக்குக்குப் பாவாடை, வலைக்கு நூல்

இந்த நாட்டில் என் வேலை தூண்டிலுக்குப் பாவாடை கட்டுவது. நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். கொழும்பிலிருக்கும் என் அக்காவும் ரெலிபோனில் இதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். ஸ்காபரோவில் ஒரு ரயர்க் கடைக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் தொழிற்கூடம். அங்கே பாஸ் என்கிற மீனைப் பிடிப்பதற்கான ஜிக் செய்கிறோம். ஜிக் என்றால் பெரிய சங்கதி ஒன்றுமில்லை. ஒரு தூண்டில் முள், அதன் கழுத்தில் வார்த்த ஈயத் தலை, தலைக்குக் கீழே சுற்றிவர மெல்லிய றப்பர் நூல்களால் ஒரு குஞ்சம். அந்தக் குஞ்சத்தைத்தான் ஸ்கேர்ட் என்கிறார்கள். தண்ணீருக்குள் அது விரிந்து சுருங்கும்போது ஏதோ உயிருள்ள பூச்சி என்று நம்பி மீன் வாயைத் திறக்குமாம். பின்னேரம் பஸ் ஏறும்போது என் தலைமயிரில் பச்சையும் மண்ணிறமுமாக றப்பர் நூல் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒருநாள் பக்கத்துச் சீற்றில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி அதில் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து ஏதோ மெல்லக் கேட்டாள். ஃபாக்டரி வேலையா என்று கேட்கிறாளாக்கும் என்று நினைத்து நான் ஓமென்று தலையாட்டினேன். அவள் என் கையைப் பிடித்தவள் விடவேயில்லை. இறங்கும்போது எனக்காகச் செபிப்பதாகச் சொன்னாள். அப்போதுதான் விளங்கியது, ஏதும் நோய் வருத்தத்தால் மயிர் கொட்டுகிறதா என்று கேட்டிருக்கிறாள். கடற்கரை ஊரான பேசாலையில் பிறந்து, மீனைக் கண்ணால் காணாமலே மீன்பிடித் தொழிலில் இருக்கிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

என் வீட்டுக்காரர் அன்ரன் மீனைக் கண்டவர். கண்டவர் என்ன, தலைமுறை தலைமுறையாகக் கடலில் நின்ற குடும்பம். சண்டையால் கடலுக்குப் போகத் தடை வந்த காலத்தில், கரையில் வள்ளத்தைக் கவிழ்த்துப்போட்டுவிட்டு அதன் பக்கத்தில் குந்தியிருந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்த மனிதர். பிறகு இவருடைய தாயும் தம்பியும் தண்ணீர் கடந்து மண்டபம் அகதி முகாமுக்குப் போனார்கள், நாங்கள் இருவரும் எப்படியெப்படியோ இங்கே வந்து சேர்ந்தோம். வந்த நாளிலிருந்து இவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. றெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவினார், விட்டார். பேக்கரியில் மா குழைத்தார், விட்டார். இப்போது ஒரு அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை. வீட்டுக்கு வந்தாலும் யன்னலுக்கும் கதவுக்குமாக நடப்பார். டோர்செட் பார்க்கில் எங்கள் யன்னலால் பார்த்தால் மற்ற அப்பார்ட்மென்ற்களின் யன்னல்கள்தான் தெரியும். அதில் என்னத்தைப் பார்க்கிறார் என்று எனக்கு எரிச்சல் வரும்.

கட்டிலுக்குக் கீழே ஒரு சூட்கேஸ் இருக்கிறது. அதற்குள் தாய்க்கு இரண்டு சேலை, மூட்டுநோவுக்குத் தைலம், தம்பிக்குக் கிழிந்த வலை பொத்துவதற்கு ஒரு பெரிய கட்டுப் பச்சை நைலோன் நூல். கடைகடையாக ஏறி இறங்கி வாங்கிய நூல் அது. அவ்வளவு உறுதியான நூல் அந்தப் பக்கத்தில் கிடையாது என்பது இவருடைய கட்சி. மதராசுக்குப் போய், முகாமில் தாயைப் பார்த்து, அங்கிருந்து தம்பியோடு வள்ளமேறி ஊருக்குப் போய்விடுவது இவருடைய திட்டம். பனி கொட்டினால் பனி முடியப் போறன் என்பார், வெயில் எறித்தால் வெயில் முடியப் போறன் என்பார். எங்களுக்கு இன்னும் இந்த நாட்டுக் குடியுரிமை கிடைக்கவில்லை. போனால் திரும்பி வருவது இவர் கையில் இல்லை, அந்தக் கடலில் இறங்கினால் உயிரே இவர் கையில் இல்லை. கூட்டும்போது தும்புத்தடி அந்தப் பெட்டியில் முட்டினால் அதை இன்னும் உள்ளே தள்ளிவிடுவேன். போகாதேங்கோ என்று சொன்னால் அந்த ரோசத்துக்கே போய்விடுவார் என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை.

எங்கள் சுப்பவைசர் டேவ் நல்ல மனிதன். வர்ணம் பிழைத்த ஜிக்குகளை விரும்பினவர்கள் கொண்டுபோகலாம் என்று சொல்லியிருந்தான். கைநிறைய அள்ளிக்கொண்டு வந்து ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கொட்டினேன். இவர் ஒன்றைத் தூக்கி, முதலில் மணந்து பார்த்தார்.

“நாறாத இரையை எந்த விசர் மீன் தின்னும்?”

“தின்னுது எண்டுதானே சனம் காசு குடுத்து வாங்குது.”

“அப்ப இந்த ஊர் மீனும் எங்களைப் போலதான், ருசி தெரியாமல் கிடைக்கிறதைத் தின்னுது.”

சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஆனால் அடுத்தநாள் நான் வேலையால் வந்தபோது கூனி இறாலை இடித்துத் தூளாக்கி, எண்ணெயில் குழைத்து, ஜிக்குகளுக்குப் பூசிக்கொண்டிருந்தார். லிஃப்ற்வரை மணத்தது. பக்கத்து வீட்டுக்காரி கதவைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பச் சாத்தினாள். எனக்குக் கோபம் வந்ததுதான். ஆனால் இந்த மனிதர் ஒரு கதிரையில் முழுசாக ஒரு மணித்தியாலம் இருந்ததை நான் இந்த நாட்டில் அன்றைக்குத்தான் கண்டேன். அதனால் கோபத்தை விழுங்கிக்கொண்டு யன்னலைத் திறந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் பஸ்ஸும் ரயிலும் மாறி பிக்கரிங்கில் இருக்கும் ஏரிக் குடாவுக்குப் போகத் தொடங்கினார். முறைப்படி லைசென்சும் எடுத்தார், தூண்டிற்கம்பும் வாங்கினார். குடாவின் ஓரமெல்லாம் அல்லி இலை, கீழே பாசி. முதல் சில தரம் ஜிக்குகளைப் பாசிக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்து, தொழிற்கூடத்தில் இருக்கும் எங்களையெல்லாம் வைது தீர்த்தார். பாசியில் மாட்டாமல் இருக்க முள்ளுக்கு முன்னால் ஒரு தும்புக் கற்றை வைப்போம். அது பாசியை மறிக்கிறதோ இல்லையோ, மீனின் வாயை நன்றாக மறிக்கிறது என்றார். பிறகு ஒவ்வொரு ஜிக்கிலும் நாலைந்து தும்பைப் பிடுங்கி, மிச்சத்தை முள்ளின் உயரத்துக்குக் கத்தரித்தார். முள்ளை அரத்தால் தீட்டி, பெருவிரல் நகத்தில் வைத்துப் பார்த்தார். வழுக்கினால் திரும்பத் தீட்டுவார், நகத்தில் குத்தி நின்றால்தான் சரி. ஜிக்கைத் தெரிந்தெடுப்பதிலும் ஒரு கணக்கு வந்துவிட்டது. அல்லி இலைக்குள் போடக் கூர்மூக்குத் தலை, பாரம் குறைந்தது. கல்லுக்கரைக்கு உருண்டைத் தலை, பாரம் கூடினது. தெளிந்த தண்ணீருக்கு மண்ணிறமும் பச்சையும், கலங்கல் தண்ணீருக்குக் கறுப்பும் நீலமும். பாவாடை நீண்டிருந்தால் ஆறுதலாக இறங்கும், கட்டையாக வெட்டினால் சட்டென்று இறங்கும். கல்லுகளுக்குள் வாழும் குட்டிச் சிங்கிறால்தான் இந்த மீனுக்கு விருப்பச் சாப்பாடு என்று கண்டுபிடித்து, பின்னால் மாட்டுகிற பிளாஸ்ரிக் துண்டை இரண்டு கொடுக்குகள்போலப் பிளந்துவிட்டார். கூனித் தூளை மட்டும் விடவில்லை.

ஒருநாள் பாவாடை கழன்றுபோன ஒரு ஜிக்கைத் தூக்கிக் காட்டி, கட்டத் தெரியாத கை கட்டினது என்றார். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. அது என் கை, நாங்கள் றப்பர் வளையம்தான் போடுகிறோம், வழுக்கினால் வளையத்தைக் கேளுங்கோ என்று சத்தம் போட்டேன். இவர் எழுந்து அறைக்குள் போனார். சூட்கேஸ் பூட்டு திறபடுகிற சத்தம் கேட்டது. ஐயோ, என் வாயால் கெட்டேன் என்று அடுப்படியிலேயே விறைத்துப்போய் நின்றேன். வெளியே வந்தவர் கையில் ஒரு முழம் பச்சை நூல் இருந்தது. தம்பியின் நூல். அதைப் பிரித்து மெல்லிய இழை எடுத்து, பாவாடையைச் சுற்றி, வலை முடிச்சுப் போட்டு இறுக்கினார். குஞ்சம் பூப்போல விரிந்து நின்றது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஜிக்குக்கும் அந்தக் கட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நூல் குறைந்தது. குறையக் குறைய எனக்குச் சந்தோஷம். தம்பி பாவம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு என் புருஷன் வேண்டும்.

யூலையில் எங்கள் தொழிற்கூடத்துப் பிக்னிக் வந்தது. நகரத்துக்கு வெளியே ஓர் ஏரிக்கரையில் இறைச்சி வாட்டல், பிள்ளைகளுக்கு விளையாட்டு, பெரிய ஆட்களுக்குப் பாஸ் பிடிக்கும் போட்டி. பெரிய மீன் பிடித்தவருக்கு ஒரு வெள்ளிக் கோப்பை. இவர் தன் ஜிக்குகளில் மண்ணிறத்தைத் தெரிந்தெடுத்து, சரிந்து கிடந்த மரத்துக்குப் பக்கத்தில் இறக்கினார். கம்பு வளைந்த வளைவைப் பார்த்து நானே எழும்பி நின்றுவிட்டேன். என் முழங்கை நீளத்துக்கு ஒரு மீன், கரும்பச்சை முதுகும் பெரிய வாயுமாக. மற்றவர்கள் வாளித் தண்ணீரோடு மீனைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்தோம். பாவங்கள், வெட்டத் தெரியாதாக்கும் என்று நான்தான் சொன்னேன். எங்கள் பக்கத்தில் ஒரு பெரிய மனிதருக்கு மீன் கொடுப்பதென்றால் அப்படியே உயிரோடு கொண்டுபோய் நீட்டுவோமா? இவர் கரையிலேயே இருந்து செதில் உரசி, செவுள் எடுத்து, குடல் எடுத்து, மூன்று தண்ணீரில் அலசி, ஓர் அல்லி இலையில் கிடத்தி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனார். அவ்வளவு வடிவான ஒரு நடையை நான் எங்கள் கலியாணத்தன்றுகூடக் காணவில்லை.

தராசு வைத்திருந்த மேசையில் எல்லாரும் கதையை நிறுத்தினார்கள். ஒரு பெண் தன் பிள்ளையின் கண்ணைப் பொத்தினாள். மீனை உயிரோடு தராசில் நிறுத்து, உயிரோடு தண்ணீரில் திரும்ப விடுவதுதான் போட்டி. அதைச் சொல்லித்தரவேண்டும் என்று அவர்களுக்கும் தோன்றவில்லை, கேட்கவேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. டேவ் இவருடைய கையைப் பிடித்து, தோளில் தட்டி, நீளமாக ஏதோ சொன்னான். மன்னிக்கவேண்டும், சேர்க்க முடியாது என்று சொல்கிறான் என்பது எனக்கு விளங்கியது. இவருக்கு விளங்கியது கைகுலுக்கல் மட்டும்தான். தாங்க்யூ, தாங்க்யூ என்று முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்து, சேட்டின் மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். கோப்பையை, இவருடைய மீனில் பாதிகூட வராத ஒன்றைப் பிடித்த பொடியனுக்குக் கொடுத்தார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். இவரும் தட்டத் தொடங்கி, நடுவில் நிறுத்தினார்.

“எங்கட மீன்தானே பெரிசு?” என்று என்னிடம் கேட்டார்.

மீனைச் சேர்க்காத விஷயத்தை நான் பஸ்ஸில் வைத்துத்தான் சொன்னேன். அங்கே வைத்துச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. இவருக்காக வெட்கமா, அவர்களுக்காக வெட்கமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அந்த மீனைப் புளிவிட்டுக் குழம்பு வைத்தேன். சேற்று மணம். உப்பு எவ்வளவு போட்டும் ஏறவில்லை. ஆளுக்கு ஒரு துண்டுக்கு மேல் இறங்கவில்லை. இவர் கையைக் கழுவிவிட்டு சூட்கேசை வெளியே இழுத்துக் கட்டிலில் வைத்தார். “தின்னாத மீனைப் பிடிக்கிற சனத்தோட எனக்கென்ன கதை? செப்ரெம்பரில போறன்,” என்றார். இந்தமுறை பனியும் வெயிலும் சொல்லவில்லை, மாதம் சொன்னார். அந்தக் கிழமை முழுதும் ஒரு ஜிக்கையும் தொடவில்லை. திரும்பவும் யன்னலுக்கும் கதவுக்குமாக நடை. பிளேன் ரிக்கற் விற்கும் கடைக்குப் போய் விசாரித்துவிட்டும் வந்தார்.

சனிக்கிழமை விடிய நானே தூண்டிற்கம்பைத் தூக்கிக்கொண்டு கதவடியில் போய் நின்றேன். எனக்கு உந்தக் குடாவைப் பார்க்கவேணும், நான் கட்டுகிற பாவாடை தண்ணீருக்குள் எப்படி ஆடுகிறது என்று ஒருநாளாவது காணவேணும் என்றேன். முணுமுணுத்துக்கொண்டு வந்தார். அல்லி இலைகளின் நடுவே ஜிக்கை இறக்கி, நூலை விரலால் மெல்லத் தூக்கித் தூக்கி விட்டார். தெளிந்த தண்ணீரில் நான் குனிந்து பார்த்தேன். கீழே என் பாவாடை மூச்சு விடுவதுபோல விரிந்தது, சுருங்கியது. இத்தனை நாளாக இதையா கட்டிக்கொண்டிருந்தேன் என்று இன்னும் குனிந்தேன். அப்போதே இழுத்தது. போட்டி மீனைவிடப் பெரிய மீன். கரைக்குக் கொண்டுவந்து கீழ்ச் சொண்டைப் பிடித்துத் தூக்கினார். மற்றக் கை பழக்கத்தில் கத்தியைத் தேடியது.

“போன கிழமைக் கறியும் மிஞ்சித்தானே போச்சுது,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, குந்தியிருந்து மீனைத் தண்ணீருக்குள் பிடித்தார். முள் கழன்றுவிட்டது. கையையும் விரித்துவிட்டார். மீன் போகவில்லை. அவருடைய விரல்களுக்குப் பக்கத்திலேயே செவுளை அசைத்துக்கொண்டு நின்றது.

“போவன்,” என்றார் அதனிடம். “உன்னை ஆர் மறிச்சது?”

என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துவிட்டது. “உங்களையும் ஒருத்தரும் மறிக்கேல்லை. போறதெண்டால் போங்கோ. ஒவ்வொரு நாளும் உந்தப் பெட்டிக்குப் பக்கத்தில படுத்தெழும்ப எனக்கு ஏலாது.”

மீன் வாலை ஒரு அடி அடித்துவிட்டுப் போனது, அவருடைய முகமெல்லாம் தண்ணீர். அதைத் துடைக்காமல் கனநேரம் குந்தியபடி இருந்தார். திரும்பி வரும் ரயிலில் நான் யன்னல் பக்கம் திரும்பியிருந்து அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் கிடந்த சூட்கேசைத் திறந்து, மிச்சமிருந்த பச்சை நூற்கட்டை எடுத்தார். மேசையில் இருந்து, முழம் முழமாக அளந்து, கத்தரியால் வெட்டி இரண்டாக்கினார், எந்தப் பங்கு கூடினது என்று நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. ஒன்றை ஒரு பேப்பரில் சுற்றி, தாயின் சேலைகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டி, பெட்டியைத் திரும்பக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார். “தம்பிக்கு ஒரு வலை பொத்த உது போதும்,” என்றார். மற்றதை மேசையிலேயே விட்டார். பிறகு, முகத்தைப் பார்க்காமல், திங்கட்கிழமை வரும்போது கறுப்பும் நீலமும் கொஞ்சம் கொண்டுவாரும், தண்ணி கலங்கப்போகுது என்று சொன்னார்.

இப்போது செப்ரெம்பர் நடந்துகொண்டிருக்கிறது. இவர் போகவுமில்லை, போகவில்லை என்று சொல்லவுமில்லை. மேசையில் இருக்கும் நூல் எவ்வளவு என்று எனக்குக் கண்ணாலேயே தெரியும். போகிறதுக்கென்று பெட்டிக்குள் வைத்தது அதைவிடக் கூடவா குறையவா என்பதுதான் தெரியாது. பெட்டிப் பூட்டின் திறப்பு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இவர் வேலைக்குப் போன நேரத்தில் எடுத்து அளந்து பார்த்துவிடலாம். இரண்டு தரம் கட்டிலுக்குக் கீழே குனிந்தும் பார்த்தேன். அளக்கப் பயமாக இருக்கிறது.