வளைந்த தோசைக்கரண்டியும் ஒரு பாம்பும்

எங்கள் அடுக்களையில் ஓர் ஆணியில் நுனி வளைந்த தோசைக்கரண்டி தொங்குகிறது. அதை வைத்துத் திருப்பினால் பாதித் தோசை கல்லிலேயே நின்றுவிடும். ஆனாலும் என் மனைவி அதைப் பழைய இரும்புக்குப் போட விடமாட்டாள்.

மலையாள நாட்டுக் கிழக்கேகோட்டையில் ஒரு ஹோட்டலில் நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்த காலம். முப்பத்திரண்டு வயது. யாராவது கேள்வி கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனாலேயே மூன்று சம்பந்தம் தட்டிப்போயிற்று. ஒரு வீட்டில் ஊமை என்றே முடிவு செய்துவிட்டார்கள். நான்காவது, நாகர்கோவில் பெண். மாப்பிள்ளையை வேலை செய்யும் இடத்தில் பார்த்தால்தான் குணம் தெரியும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெண்ணின் அப்பா ஒரு நாள் காலை சொல்லாமல் கொள்ளாமல் வந்து, சாப்பிட வந்தவர்போல உட்கார்ந்தார். தரகர் காட்டிய போட்டோவில் மகளுக்குப் பக்கத்தில் நின்ற அதே மீசை.

கரண்டியோடு மாவுச் சாக்கு அறைக்குள் புகுந்து கதவைச் சாத்தினேன். தாழ் சிக்கிக்கொண்டது. கூப்பிட வெட்கம். மூத்த சமையற்காரரான மாஸ்டர், "லேய், தோச தீயுது, எங்கல போன?" என்று கத்துவது கேட்டது. கரண்டியைக் கதவிடுக்கில் கொடுத்து நெம்பினேன். கதவு படீரென்று திறந்து, உடம்பெல்லாம் மாவோடு அவர் இலைக்கு முன்னால் போய் விழுந்தேன்.

"என்னப்பா இது?" என்றார். எனக்கு வார்த்தை வரவில்லை. மாஸ்டருக்கு வந்தது.

"பாம்பு அண்ணாச்சி! எவனும் வராதீங்கன்னு தனியாப் போயி கதவச் சாத்திக்கிட்டான். கரண்டியப் பாத்தீங்களா, வளஞ்சு போச்சு."

"செத்துட்டா?"

"எங்க! சன்னல் வழியா வெளிய விட்டுருப்பான். எறும்பக்கூட மிதிக்க மாட்டான், பாத்துக்கிடுங்க."

அவர் இன்னொரு தோசை கேட்டார்.

கல்யாணம் நடந்தது. அதன்பின் மாமனார் தெருவில் எங்கே பாம்பு வந்தாலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். முதல் தடவை விறகுக் குவியல் முன்னால் கம்போடு நின்றேன். ஓடியிருப்பேன். ஆனால் அந்தத் தெருவுக்கு என்னைத் தெரியாது. மாஸ்டர் சொன்ன ஆளைத்தான் தெரியும். அவன் ஓடமாட்டானே. சாரைப்பாம்பு அதுவாகவே வேலி தாண்டியது. ஒரு கூட்டத்தின் முன்னால் முதன்முதலாக வாய் திறந்து, "பாம்பு போயிட்டு" என்றேன்.

போன மாதம் மாஸ்டர் இறந்தார். சாவு வீட்டிலிருந்து திரும்பும் பஸ்ஸில், இத்தனை வருடம் கழித்து, பாம்பே இல்லை என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன்.

"அப்பாவுக்கு அன்னிக்கே தெரியுமே" என்றாள். "கை கழுவப் போனப்ப எட்டிப் பாத்திருக்காரு. அந்த ரூமுக்குச் சன்னலே கெடையாதாம். கூட வேல பாக்குறவரு இவ்வளவு பொய் சொல்லிக் காப்பாத்துறாருன்னா, பையன் நல்லவனாத்தான் இருக்கணும்னு சொன்னாரு."

"பெறகு எதுக்கு என்னயப் பாம்பு வெரட்டக் கூப்பிட்டீங்க?"

"நீங்கதான் ஓடவே இல்லியே."

இன்று காலை மகளின் மலையாளத் தோழி வந்திருந்தாள். ஆணியிலிருந்த கரண்டியைக் காட்டி அது என்ன என்று கேட்டாள். மகள் மலையாளத்தில் சொல்லத் தொடங்கினாள். அவள் கதையில் அது ராஜவெம்பாலை, நம் ராஜநாகம். அறைக்கு இரண்டு சன்னல். நான் நல்ல கரண்டியால் தோசையைத் திருப்பிக்கொண்டே, அந்த ஆள் அடுத்து என்ன செய்யப்போகிறான் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.