கிருமி விற்கிற கடை

கல்முனைக்குடி உரக்கடையில் நின்று, உயிருள்ள பற்றீரியாவைப் பக்கற்றில் போட்டு விற்கிறவன் படும் பாடு, விற்றுப் பார்த்தவர்களுக்குத்தான் விளங்கும்.

முதல் சந்தேகம்

லத்தீப் காக்கா சாகாமத்தில் குத்தகைக்கு வயல் செய்கிறவர். போன பெரும்போகத்தில் எரிபந்த நோய் வந்து கதிரெல்லாம் பதராகிப்போயிற்று. இந்த முறையும் நட்டப்பட்டால் குத்தகையை விட்டுவிட வேண்டியதுதான் என்று முகம் வாடி வந்து நின்றார். எனக்குப் பாவமாக இருந்தது. விதை நெல் ஊறும் தண்ணீரில் இதைக் கலந்தால் பற்றீரியா வேரைச் சுற்றிக் குடியேறும், பயிரைத் தேற்றும், நோயைக் கொண்டுவரும் பங்கசுப் பூஞ்சணத்தைத் தலையெடுக்க விடாது என்றேன். பக்கற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கிருமிக்கு மருந்து கேட்டு வந்தா, நீ கிருமியையே தாறியே மனே!"

சுத்தம்

மறுநாள் அவர் மனைவி போனில் கோல் எடுத்தார். பக்கற்றை வாளியில் கரைத்தாயிற்று, இனி நெல்லைப் போடலாமா என்று கேட்டார். எதற்கும் வாளியை என்ன போட்டுக் கழுவினீர்கள் என்று விசாரித்தேன். கழுவியது மட்டுமல்ல, புளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரிலேயே கரைத்திருக்கிறார். அத்தனையும் செத்திருக்கும். தலையில் கைவைத்துக்கொண்டு வேறொரு பக்கற் கொடுத்தனுப்பினேன்.

"ஊத்தை வாளியில போட்டா உங்கிட கிருமிக்கு ஏதும் நோய் வந்திரும் எண்டு பயந்துதான் தம்பி."

வெயில்

வளர்ந்த பயிருக்கு அதையே தெளிக்கவும் வேண்டும். ஆனால் உச்சி வெயில் பட்டால் தாங்காது. மணி சொன்னால் மறந்துவிடுவார்கள். நான் தொழுகை நேரத்தை வைத்தே சொல்வது. மதியம் லுஹர் நேரம் வேண்டாம், வெயில் சாய்ந்து அசர் தொழுதுவிட்டுத் தெளியுங்கள் என்றேன். காக்கா கொஞ்சம் யோசித்தார்.

"லுஹரோட படுத்து, அசருக்குப் புறகு வேலைக்கிறங்குற கிருமியா? அப்ப எங்கிட ஊருதான், சந்தேகமில்ல."

நல்ல துண்டு

அறுவடைக்கு முன் வயலுக்கே போனேன். கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் என்னதான் நடந்தது என்று அறிய எனக்கும் ஆவல். கதிர்கள் பாரத்தில் சாய்ந்து நின்றன. குத்தகை தப்பிற்று, மனம் குளிர்ந்தது. வாய்க்காலோரம் இருந்த, எல்லாவற்றிலும் நல்ல வயல் துண்டு மட்டும் எரிபந்தம் பிடித்து எரிந்து கிடந்தது. அதே விதையினம், அதே தண்ணீர். பிறகு ஏன் என்று கேட்டேன். காக்கா வரம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அது எங்கிட ஊட்டுச் சோத்துக்கு வெச்ச துண்டு. கிருமி படாமப் பாத்துக்கிட்டன் மனே."

என் சரக்கு வேரில் பிடிக்க ஒரு கிழமை போதும், ஆட்களிடம் பிடிக்கத்தான் ஒரு போகம் போகிறது.