பன்னிரண்டு பேருக்குப் போட்ட மேசை

எந்த வீட்டில் பீங்கான் தட்டைக் கண்டாலும் அப்புசாமி முதலில் அதைக் கவிழ்த்துத்தான் பார்ப்பார். மேலே இருக்கிற பூவை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். அடியில் நீல மையில் இரண்டு வாள்கள் குறுக்காகக் கிடந்தால்தான் அது ஜெர்மனியில் பேர்போன ஒரு பழைய சூளையில் சுட்டது. குன்னூரில் ஒரு தேயிலைத் தோட்டத் துரையிடம் பட்லராக இருந்தபோது, துரைசானி விருந்தாளிகளிடம் பெருமையடித்ததில் காதில் விழுந்த சேதி அது. இன்னொன்றும் அப்படிக் கேட்டதுதான். சூளையில் தட்டின் மேல் கறை விழுந்துவிட்டால், அதை மறைக்க அந்த இடத்தில் ஒரு வண்டையோ பட்டாம்பூச்சியையோ எழுதிவிடுவார்களாம். அதனாலோ என்னவோ, ரோஜாப்பூத் தட்டைவிடப் பூச்சி எழுதிய தட்டின் மேல்தான் அவருக்குப் பிரியம்.

ஜெர்மன் சண்டையின்போது மலையில் இருந்த ஜெர்மன்காரர்களைச் சர்க்கார் பிடித்துக் காவலில் வைத்தது. அவர்கள் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. ஜோடி சேராத ஆறு தட்டுகளை யாரும் கேட்கவில்லை, அப்புசாமி எடுத்துக்கொண்டார். அதிலிருந்து பிடித்ததுதான் தட்டுப் பைத்தியம். தேயிலை விலை விழுந்து துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிய வருஷங்களில் ஏலம் நடக்காத மாதமில்லை. சூப் தட்டு ஓரிடத்தில், பழத்தட்டு ஓரிடத்தில், மூடியில் ரோஜா மொட்டு வைத்த பெரிய சூப்புச் சட்டி ஓரிடத்தில் என்று சம்பளமெல்லாம் பீங்கானாக மாறியது.

"ஊட்டு ஓடு ஒழுகுது. தொரை தின்ன தட்டுக்கு வைக்கோல் மெத்தை போடறீங்க" என்பாள் மனைவி சென்னியம்மாள். பிள்ளையில்லாத வீடு, சண்டை போடவும் அவர்கள் இருவர்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டில் அவருடைய துரையும் கப்பலேறினார். அப்புசாமி தேயிலைப் பெட்டிகளில் தட்டுகளை அடுக்கிக்கொண்டு ரயிலில் கீழே இறங்கி, கோயமுத்தூருக்குக் கிழக்கே தன் சொந்தத் தெருவுக்கே திரும்பினார். ஊருக்குள் அந்தத் தெரு ஆட்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். மலையில் பூட்ஸ் போட்டு நடந்தவர், இங்கே அதைக் கழற்றினார்.

பைக்காரா அருவியிலிருந்து மின்சாரம் வந்து, பீளமேட்டுப் பக்கம் மில்லுக்கு மேல் மில்லாக எழும்பிய சமயம் அது. மிசின் விற்க வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்கு விருந்து வைக்க வேண்டும். மில் முதலாளி லட்சுமணசாமி நாயுடு தன் தோட்டத்துக்குள் அதற்கென்றே ஒரு பங்களா கட்டி, அப்புசாமியைக் கூப்பிட்டு அனுப்பினார். சமையல் அப்புசாமியுடையது, பரிமாறுவது அவர், தட்டும் அவருடையது. லட்சுமணசாமியும் துரைமாரோடு உட்கார்ந்து, கத்தியும் முள்ளும் பிடித்துச் சாப்பிட்டார். மூன்று வருஷத்தில் அப்படிப் பதினோரு விருந்து.

அந்த நாளில் தீண்டாமை ஒழிப்புக் கூட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. ஒரு கூட்டத்தில் லட்சுமணசாமி மேடையேறி, "நாளைக்கே நம்ம பட்லர் அப்புசாமி ஊட்டுல கூப்புட்டாலும் நான் போய் உக்காந்து சாப்புடுவேன்" என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கூட்டத்தின் கடைசியில் நின்றுகொண்டிருந்த அப்புசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது அவரிடம் பத்துப் பேருக்குத்தான் தட்டு முழுசாக இருந்தது. மேடையில் இருந்தவர்களோ பன்னிரண்டு பேர். மறு வருஷம் ஊட்டியில் ஒரு கிழவியின் வீட்டு ஏலத்தில் மீதி இரண்டு பேருக்கான தட்டும் கிடைத்தது.

முதலாளி வீட்டு வாசலுக்கு அவர் போக முடியாது. மில்லில் கார் நிற்கிற இடத்தில் காத்திருந்தார்.

"ஏனுங்க சாமி, வாற ஞாயித்துக்கெழம மத்தியானம் நம்ம ஊட்டுல ஒரு விருந்துங்க. அன்னைக்கு மேடையில இருந்த எல்லாரும் வரோணுமுங்க. பன்னெண்டு பேருக்கும் தட்டு சேந்துபோச்சுங்க."

லட்சுமணசாமி கார்க் கதவைப் பிடித்தபடியே, "வந்தாப் போச்சு" என்றார்.

அப்புசாமி ஒரு வாரம் தூங்கவில்லை. புதுப் பாத்திரம் வாங்கினார். கறி வேண்டாமென்று காய்கறி சூப், காய்கறிக் கட்லெட், முட்டை போடாத புட்டிங் என்று திட்டம் போட்டார். ஏலத்தில் எடுத்த மேசைக்கு வெள்ளைத் துணி விரித்து, கைத்துண்டுகளைத் தாமரை மொட்டுப் போல் மடித்து வைத்தார். பன்னிரண்டு இடத்திலும் பூக்கள் சாப்பிட வருபவரைப் பார்க்கும்படி தட்டைத் திருப்பித் திருப்பி வைத்ததைச் சென்னியம்மாள் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் கார் வந்தது. தெருவுக்குள் நுழையாமல் ரோட்டிலேயே நின்றது. லட்சுமணசாமியும் மில் மேனேஜரும் மட்டும் இறங்கி வந்தார்கள். பின்னால் டிரைவர் ஒரு கூடை ஆரஞ்சு தூக்கிக்கொண்டு வந்தான். தெருவே வாசலில் நின்று பார்த்தது.

லட்சுமணசாமி நிலைப்படிக்கு வெளியே நின்றபடி உள்ளே எட்டிப் பார்த்தார். "அடேயப்பா! ஊட்டி கிளப்பு தோத்துது போ."

"உள்ள வந்து உக்காருங்க சாமி. சூப்பு சூடா இருக்குதுங்க."

"இந்த வெயிலுக்குச் சூப்பு ஆகாது அப்பு. நாங்க வந்ததே சாப்புட்ட மாதிரி." டிரைவர் காரிலிருந்து சோடா எடுத்து வந்து உடைத்துக் கொடுத்தான். லட்சுமணசாமி நின்றபடியே குடித்தார்.

அப்புசாமி வாழ்க்கையில் முதல் தடவையாக முதலாளிக்கு எதிரே ஒரு வார்த்தை சொன்னார். "பதினோரு தடவ என் கையால சாப்புட்டிருக்கீங்க சாமி. இதே தட்டுங்க."

லட்சுமணசாமிக்குக் கோபம் வரவில்லை. குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார். "அது தொரைக்கு முன்னால. பங்களாவுக்குள்ள. இது அப்படியா? நாளைக்கு நான் பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கோணுமல்லோ?" பிறகு, திரும்பும்போது நினைவு வந்தவராக, "வெள்ளிக்கெழம மிசின் ஏஜெண்டுத் தொரை சம்சாரத்தோட வாரான். இதெல்லாம் பத்தரமாக் கொண்டாந்துரு" என்றார்.

"சரிங்க சாமி" என்றது அப்புசாமியின் வாய்.

கார் போன பிறகு சென்னியம்மாள் வெளியே வந்தாள். "ஏனுங்க, நம்ம ரண்டு பேரு உக்காரலாமுங்களா?"

"அது அவங்களுக்குப் போட்டது."

"இத்தன வருசத்துல எனக்கு ஒரு வாய் இதுல போட்டிருக்கீங்களா? தெருவுல ஒருத்தரக் கூப்புட்டீங்களா? உங்க பொறந்தவன் நாலு ஊடு தள்ளித்தான் இருக்கறான். அவனக்கூட நெனைக்கலீங்களே. அந்தச் சாமியக் குத்தஞ் சொல்ல நம்மளுக்கு என்ன இருக்குதுங்க?"

சாயங்காலம் அப்புசாமி நாலு வீடு தள்ளிப் போனார். தம்பி அங்கப்பன் ஜின்னிங் பேக்டரியில் பஞ்சு மூட்டை தூக்குகிறவர். அன்று லீவு, வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"அங்கப்பா, எல்லாரையும் கூட்டிட்டுச் சாப்புட வா."

அங்கப்பன் அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். "மீந்துபோச்சுங்களாண்ணா?" என்றார். எழுந்திருக்கவில்லை. பன்னிரண்டு பேருக்குச் சமைத்ததைச் சென்னியம்மாள் மாட்டுத் தொட்டியில் கொட்டினாள்.

வெள்ளிக்கிழமை அப்புசாமி தட்டுகளோடு பங்களாவுக்குப் போனார். ஏஜெண்டின் மனைவி தட்டைக் கவிழ்த்துப் பார்த்து, இது எங்கே கிடைத்தது என்று வியந்து கேட்டாள். "எங்கள் குடும்பத்தில் வெகு நாளாக இருக்கிறது" என்றார் லட்சுமணசாமி. அந்த அளவுக்கு இங்கிலீஷ் அப்புசாமிக்குப் புரியும். அந்த அம்மாளுக்குச் சூப்பை ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினார். மறுநாள் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பியவர் பிறகு அந்தத் தோட்டத்துப் பக்கம் போகவில்லை. இரண்டு தடவை முதலாளியின் ஆள் வந்து கூப்பிட்டான். மூன்றாவது தடவை, நன்றி கெட்டவன் என்று சொல்லிவிட்டுப் போனான். போத்தனூரில் ரயில் பயணிகளுக்குச் சாப்பாடு போடும் இடத்தில் கோப்பை கழுவும் வேலை கிடைத்தது.

மூன்று வருஷம் கழித்து அங்கப்பனின் மகளுக்குக் கல்யாணம். அப்புசாமி ஒரு பெட்டியைத் தானே தலையில் சுமந்துகொண்டு பந்தலுக்குப் போனார். மாப்பிள்ளை வீட்டாருக்கு அந்தத் தட்டில் சோறு போட வேண்டும் என்று ஆசை. பந்தியில் வாழையிலை போட்டாகிவிட்டது.

"தட்டு எதுக்குங்ண்ணா? எலை நெறையாக் கெடக்குது" என்றார் அங்கப்பன். "அதய அப்படி ஓரமா வெச்சுப்போட்டு வந்து உக்காருங்க. சோறு ஆறுது." சொன்ன குரலில் குத்தல் இல்லை. அன்போ பகையோ இல்லாமல், வந்த விருந்தாளிக்குச் சொல்கிற குரல்.

அப்புசாமி தெரு ஆட்களோடு வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் பக்கத்தில் இருந்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த மாதம் அவர் சொல்லியனுப்பி, பெங்களூர் வியாபாரி ஒருவர் வந்து அத்தனை தட்டையும் விலைக்கு எடுத்துக்கொண்டு போனார்.