செல்லியின் கழுத்து மணி

ஐம்பத்தாறு வயதில் வேலாயுதத்தின் முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. சிராங்கூன் ரோட்டிலிருந்து பஸ், பொங்கோலிலிருந்து படகு, இறங்கினால் ஆளுயர லாலான் புல்லுக்குள் ஒரு மைல் நடை. வாரத்துக்கு மூன்று முறை. அலுத்துப் போயிருந்தார் மனுஷர்.

வாலிபம் முழுக்க மாட்டுத் தொழுவத்தில் பால் கறந்தவர், பிற்பாடு விலங்கு வியாபாரி அப்துல் அஜீஸிடம் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே கூண்டிலேயே பிறந்த வெளிமான்கள் ஏழு. 1959இல் வியாபாரத்தை மூடியபோது, அவற்றை விற்க மனம் வராமல் அஜீஸ் தன் பழைய தென்னந்தோட்டத் தீவில் ஒரு பட்டி போட்டு விட்டார்.

"கொஞ்ச காலம் பாத்துக்குங்க வேலாயுதம். அதுங்க தானா பொழைக்கணும், அவ்வளவுதான்."

திறந்துவிட்டால் துள்ளி ஓடும் என்றுதானே நினைப்போம்? இரண்டு மாதம் அந்த ஏழும் பட்டியின் வாசலை விட்டு அசையவில்லை. வேலாயுதம் மண்ணெண்ணெய் டின்னைத் தட்டினால் தவிடு தின்னும். தின்றுவிட்டு அங்கேயே படுக்கும். மனதைக் கல்லாக்கிக்கொண்டு தவிட்டைக் குறைத்தார். பசித்ததும் புல்லைக் கடித்தன. கிடா ஒன்று தினமும் ஒரே இடத்தில் புழுக்கை போட்டு, இது என் எல்லை என்றது.

அதற்குள் பொங்கல் வந்தது. பால்காரப் புத்தி சும்மா இருக்குமா? மாட்டுப் பொங்கலன்று, தான் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த பெண்மான் செல்லிக்குப் பொட்டு வைத்து, வாழைப்பழம் ஊட்டி, கழுத்தில் வெண்கல மணி கட்டினார். அதோடு தவிட்டையும் டின் சத்தத்தையும் அடியோடு நிறுத்தினார்.

மந்தை மெல்லத் தீவின் மறுகோடிக்குப் பரவியது. நல்ல சேதிதான். ஆனால் தோட்டத்து ஆட்கள் விட்டுப்போன நாய்களுக்கும் மணிச்சத்தம் கேட்டது. செல்லியின் முதல் குட்டி பத்து நாள் தாங்கவில்லை. இரத்தம் காய்ந்த புல்லருகே உட்கார்ந்து வேலாயுதம் அழுதார். கட்டியது அவர் கைதானே.

அவிழ்க்கலாமென்றால் செல்லி கிட்டே வருவதில்லை. மறுபடி சினை வேறு.

"கண்ணி வெச்சுப் புடிச்சிடலாம் லா," என்றார் படகோட்டி இப்ராஹீம்.

"வேணாம் பாய், காலு ஒடிஞ்சிடும்."

டின்னைத் தட்டலாம். தட்டினால் ஏழும் வாசலுக்கே திரும்பிவிடுமோ, பட்ட பாடெல்லாம் வீணாகுமோ என்று பயம். பல மாதம் தள்ளிப்போட்டார். அடுத்த குட்டி பிறந்துவிட்டது என்று தெரிந்த அன்று, கார்த்திகை மழையில், தட்டினார்.

ஒன்றும் வரவில்லை. கை ஓய்ந்தபோது மணி கேட்டது. செல்லி மட்டும் வந்து உள்ளங்கைத் தவிட்டில் வாய் வைத்தது. கத்தியால் கயிற்றை அறுத்தார். தூரத்தில் நின்ற குட்டிக்கு டின்னும் தெரியாது, வேலாயுதத்தையும் தெரியாது, மிரண்டு ஓடியது. பாதித் தவிட்டை விட்டுவிட்டு செல்லி அதன் பின்னால் பாய்ந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்கடுத்த மாட்டுப் பொங்கலுக்கும் பழம் கொண்டுபோனார். டின்னைத் தொடவில்லை. மறுகோடியில் புதிதாக மூன்று இடங்களில் புழுக்கைக் குவியல் இருந்தது.

"எத்தனை இருக்குண்ணே?" என்றார் இப்ராஹீம்.

"தெரியல பாய். என்னைக் கண்டா ஓடுதுங்க, எண்ண முடியல."

படகில் பழத்தை உரித்து ஆளுக்குப் பாதியாகத் தின்றார்கள். கரை வருமுன்பே வேலாயுதம் தூங்கிப்போனார்.