டம்ளரில் அடித்த மணி

ஜமீன்தாரின் பாக்கெட் கடிகாரத்தைக் கெடுத்தவன் நான்தான். இன்று எங்கள் அம்பத்தூர் அடுக்ககத்தில் லிஃப்ட் ‘டிங்’ என்று வந்து நின்றபோது, இதைச் சொல்லிவிடத் தோன்றியது.

அப்போது திருநின்றவூரில் இருந்தோம். சொத்தும் கண்பார்வையும் போன ஜமீன்தார் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்தார். அவருடைய தங்கக் கடிகாரத்தின் ஓரத்து விசையைத் தள்ளினால் அது நேரத்தை ஒலித்துச் சொல்லும். மணிக்குக் கனத்த ஒலி, கால் மணிக்கு இரட்டை ஒலி, மிச்ச நிமிடங்களுக்கு மெல்லிய ஒலி. காதோடு வைத்துத்தான் கேட்பார். யாரிடமும் நேரம் கேட்டதில்லை.

ஒரு மதியம் அவர் தூங்கும்போது, பன்னிரண்டு அடிப்பதைக் கேட்க ஆசைப்பட்டு, ஒலித்துக்கொண்டிருக்கும்போதே முள்ளைத் திருகினேன். உள்ளே ஏதோ நொறுங்கியது.

அதன்பின் அவர் வாசலில் நின்று போவோர் வருவோரிடம் மணி கேட்டார்.

“இன்னா ஜமீனு, வாச்சு வாயத் தொறக்க மாட்டேங்குதா?” என்று பால்காரர் சிரித்தார். அன்றோடு ஜமீன்தார் மணி கேட்பதை நிறுத்திவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு மாலை நாலு இருபதுக்கு, அவர் ஜன்னலடியில் உட்கார்ந்து பித்தளை டம்ளரில் கரண்டியால் அடித்தேன். கனமாக நான்கு, இரட்டையாக ஒன்று, மெல்ல ஐந்து.

“நாலு இருபது!” என்றார். குரலில் அத்தனை சந்தோஷம். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

“இந்த வரிசை என் காதுக்கு மட்டும்தானே கேக்கும். உனக்கு எப்படிடா தெரியும்?”

டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினேன்.

மறுநாள் மாலை அவர் ஜன்னலிலிருந்து டம்ளர் சத்தம் வந்தது. எண்ணிப் பார்த்தேன். எந்த மணிக்கும் பொருந்தவில்லை. சும்மா தட்டிக்கொண்டே இருந்தார். என்னைக் கூப்பிடுகிறார் என்று புரிந்தது.

நான் போகவில்லை.