நான் கைநாட்டு இல்லை என்றேன்

சிலாவத்துறையில் எங்கள் பெண்கள் சங்கம் எல்லாருடைய காணி உறுதிப் பத்திரத்தையும் படம் பிடித்துக் கொம்பியூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறது. முன்பு சண்டைக் காலத்தில் ஊரைவிட்டு ஓடியபோது உறுதி தொலைந்து, திரும்பி வந்து காணியை மீட்க நான் பட்ட பாடு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். அதனால் நானும் சேர்ந்தேன்.

"மாமி, உங்கட உறுதியைப் போனுக்கு வாற நம்பரால திறக்கப் போறீங்களா, விரலை வச்சுத் திறக்கப் போறீங்களா?" என்று சங்கத்தில் வேலை செய்யும் ஃபர்ஹானா கேட்டாள்.

"நான் கைநாட்டு இல்ல புள்ள. நம்பரே போடு" என்றேன். வயது போன பிறகு கையெழுத்துப் பழகியவள் நான்.

போன மாதம் ஒருவன் போனில், தான் சங்கத்து ஆள் என்று சொல்லி, இப்போது என் போனுக்கு வந்த நம்பரைச் சொல்லும்படி கேட்டான். கண்ணாடியைப் போட்டு ஒவ்வொன்றாக வாசித்தேன். பாதியில், "கெதியாச் சொல்லு கிழவி" என்றான்.

சங்கத்தில் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. போனை வைத்துவிட்டேன். பிறகுதான் பயம் பிடித்தது. உள்ளே போய் உறுதியைப் பார்த்துக் கள்ள உறுதி எழுதிவிட்டானோ? இந்த வயதில் இன்னொருமுறை எங்கே போவேன்? ஓட்டோ பிடித்துச் சங்கத்துக்கு ஓடினேன். ஃபர்ஹானா கொம்பியூட்டரில் பார்த்து முடிக்கும்வரை அவள் பக்கத்திலேயே நின்றேன்.

"திறக்கேல்ல மாமி. நம்பரைக் கேட்டு வாங்கலாம், விரலைப் போனில கேட்டு வாங்க ஏலாது. இனியாவது விரலை வைங்கோ."

இப்போது விரலை வைத்துத்தான் திறக்கிறேன். சங்கக் கூட்டத்தில் மட்டும் முழுப்பெயரையும் ஆறுதலாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.