தனம் அக்கா ஆற்றில் சாகவில்லை

செய்தி எனக்குத் தப்பாகத்தான் வந்தது. ஜெயங்கொண்டம் மார்க்கெட்டில் அம்மா மீனை எடை போட, நான் ஒரு கட்லாவுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தேன். பையை நீட்டியபடி நின்றவர், "அந்தப் பலகைக்காரி கொள்ளிடத்துல போயிட்டாளாம்" என்றார். பக்கத்துக் கடைக்காரர் உடனே, "முதலை இழுத்துடும்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்றார்.

உண்மை மதியம்தான் தெரிந்தது. தனம் அக்கா அன்று புதன்கிழமை காலை ரேஷன் கடை வரிசையில் நின்றிருக்கிறார். நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வயது நாற்பத்து நான்கு. ஆனாலும் முதலில் கிளம்பிய கதைதான் இன்றுவரை ஊரில் நடக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் பேச வராது. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்க முடியாது.

அக்காவைத் தெரிந்த உங்கள் எல்லோருக்கும் அந்தப் பலகையையும் தெரியும். அது வந்த கதை தெரிந்திருக்காது. துபாயில் கடற்கரை ஓட்டல் ஒன்றில் அவர் பதினோரு வருடம் வேலை பார்த்தார். விருந்தாளிகள் கடலில் நின்றுகொண்டு துடுப்புப் போடும் காற்றடைத்த பலகைகளைக் கழுவித் துடைத்து அடுக்குவது வேலை. ஒரு நாள்கூட அவரை அதில் ஏற விடவில்லை. ஊருக்குத் திரும்பும்போது, ஒட்டுப்போட்டு ஒதுக்கிவைத்த ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். காற்றை இறக்கினால் பாய் மாதிரி சுருண்டுகொள்ளும். அதைச் சாக்கில் கட்டி டவுன் பஸ்ஸில் ஏற்றுவார்.

"என்னங்கக்கா, மெத்தையா?" என்று கண்டக்டர் கேட்டால், "ஆமாந் தம்பி, ஆத்துல படுக்கப் போறேன்" என்பார். பஸ்ஸே சிரிக்கும்.

அவர் எங்கள் கடைக்கு முதலில் வந்தது மீன் வாங்க அல்ல. "பாப்பா, மேல இருந்து பாத்தா கறுப்பு. தலை பாம்பு மாதிரி. முதுகுல வாலு வரைக்கும் ஒரே துடுப்பு. என்ன மீனு?" என்று கேட்டார். நான் நிமிராமலே "விரால்" என்றேன். அடுத்த வாரம் ஒரு வாளியோடு வந்தார். "தூண்டில்ல மாட்டுச்சு. விரால் இல்ல பாப்பா, குறவையாம். கரையில சொன்னாங்க."

எனக்குக் காது சூடாகிவிட்டது. எனக்குத் தெரியாது என்று சொல்லக் கூச்சம். அதனால் கேட்டதும் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுவேன். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். அம்மாவின் கையில் கெளுத்தி முள் குத்திச் சீழ் பிடித்தபோது மீன் வெட்ட ஆள் வேண்டும் என்று பள்ளியை விட்டு நின்றேன். கை ஆறிய பிறகும் நான் திரும்பிப் போகாததற்கு அந்தக் கூச்சம்தான் காரணம். அக்கா சிரிக்கவில்லை. "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. நீ ஒரு பேரு வச்சுட்டா, அப்புறம் நான் மீனைப் பாக்க மாட்டேன். அந்தப் பேரைத்தான் பாப்பேன்" என்றார்.

பிறகுதான் யோசித்தேன். எனக்குத் தெரிந்த மீன்களெல்லாம் கடைக் கல்லில் ஒருக்களித்துக் கிடப்பவை. வயிறும் செவுளும் பார்த்துப் பேர் சொல்வேன். அவர் பார்த்ததோ தண்ணீருக்குள் ஓடும் முதுகுகள். அவருக்குப் பேர் தெரியாது, எனக்கு முதுகு தெரியாது.

வெள்ளிக்கிழமைகளில் வியாபாரம் மந்தம். அம்மாவிடம் கேட்டு என்னைக் கூட்டிப் போனார். கொள்ளிடத்தில் மதனத்தூர்ப் பாலத்துக்குக் கீழே இறங்குவோம். லைஃப் ஜாக்கெட் மாட்டாமல் ஏற விடமாட்டார். நான் முன்னால் குப்புறப் படுத்துக்கொள்வேன். அவர் பின்னால் நின்று துடுப்புப் போடுவார். முகத்தில் வெயில் அடிக்கிற மாதிரிதான் பலகையைத் திருப்புவார். அப்போதுதான் எங்கள் நிழல் பின்னால் விழும், மீன் மிரளாது. ஜிலேபி மீன் மணலில் வட்டமாகக் குழி பறித்து அதன் மேலேயே நிற்பதை அங்கேதான் பார்த்தேன். ஓடிய இடத்தில் சேறு புகைந்தால் கெளுத்தி. மேலாகத் துரும்பு மாதிரி மிதந்தால் கொக்கு மீன். நான் ஆயிரக்கணக்கில் வெட்டிய மீன்கள்தான். ஒன்றைக்கூட அதற்கு முன் பார்த்ததில்லை.

ஒருநாள் விரால் குஞ்சுகள் செக்கச்செவேலென்று ஒரே கும்பலாக மேலே வந்தன. கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர், "கீழ தாய் நிக்கும் தாயி! போடு தூண்டில!" என்று கத்தினார். அக்கா தூண்டிலைச் சுருட்டிக்கொண்டார். "போடத் தெரியாமயா நிக்கிறேன்? அது பிள்ளையோட இருக்கு, வுடுங்க."

"முதலை வந்தா அதுகிட்டயும் இப்படியே பேசு!"

"அதுக்கும் எனக்கும் ஒரு தகராறும் இல்லண்ணே. உங்களுக்குத்தான் இருக்கு!"

கடைசி வெள்ளிக்கிழமை மணல்திட்டு ஓரத்தில் பெரிய முதுகு ஒன்று எங்களுக்கு அடியில் மெதுவாகப் போனது. வெளிறிய நிறம், என் கை நீளம், வால் ஓரத்தில் மஞ்சள். "என்னது?" என்றார். வாளை என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "தெரியலைக்கா" என்றேன். அவர் பலகையே ஆடும்படி சிரித்தார். "இப்பதான்டி நீ மீனு பாக்க ஆரம்பிச்சிருக்க. அடுத்த வெள்ளிக்கிழமை பாத்துடுவோம்."

புதன்கிழமையே போய்விட்டார்.

காரியத்தன்று அவர் வீட்டு வாசலில், பஸ்ஸில் அவர் சொன்ன அந்த வேடிக்கையைக்கூடச் சாவுக்குறியாக மாற்றியிருந்தார்கள். "ஆத்துல படுக்கப் போறேன்னு அவ வாயாலயே சொன்னா" என்றாள் ஒருத்தி. அவருடைய அண்ணன் பலகையை இழுத்துப் போட்டுக் கத்தியை எடுத்தார். "ஒரு உயிரை வாங்குனது போதும். கிழிச்சு ஆட்டுக் கொட்டாய் மேல போடுறேன்."

என் கையில் காப்பி டம்ளர் இருந்தது. "அக்கா ரேஷன் கடையிலதான் போனாங்க" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். "யாரு, மீன்காரி மவளா? இது பேசுமா?" என்றார் ஒரு பெரியவர்.

"பேசும்" என்றேன். "அவங்க உயிரை வாங்குன இடத்தைத்தான் ஒழிக்கணும்னா ரேஷன் கடையைப் போய் இடிங்க. பலகையை எங்கிட்ட குடுங்க."

அண்ணன் கத்தியை மடக்கினார். "தூக்கிட்டுப் போ. அவளுக்கு இருந்த அதே வாயி உனக்கும்."

அன்று பஸ்ஸில் கண்டக்டர் சாக்கைப் பார்த்துவிட்டுக் கேட்கத் தயங்கினார். "மெத்தை இல்லண்ணே. தனம் அக்காவோட பலகை" என்று நானே சொன்னேன். அவர் எழுந்து இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

இதோடு மூன்று வெள்ளிக்கிழமை போய் வந்துவிட்டேன். அம்மா கரையிலேயே கூடவே நடந்து வருகிறாள், திட்டிக்கொண்டே. நிற்க இன்னும் வரவில்லை, முட்டி போட்டுத்தான் துடுப்புப் போடுகிறேன். அந்த மஞ்சள் வாலை மறுபடி பார்க்கவில்லை. வாளை என்று சொல்லிவிட்டால் யாரும் மறுக்கப்போவதில்லை. சொல்ல மாட்டேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒட்டுப்போட்ட அந்தப் பலகையும், 'தெரியலை' என்கிற அந்த ஒரு சொல்லும்தான். இரண்டையும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

தெரிந்ததையும் அதே போலச் சொல்லத்தான் வேண்டும். நேற்றுகூடக் கடையில் ஒருவர், "ஆத்துல போனவளோட பலகையிலயா நீ போறே?" என்று கேட்டார். நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ரேஷன் கடை வரிசையில போனாங்க. நீங்க சொல்லுங்க, கட்லாவுக்குத் தலை வேணுமா, வேணாமா?"